நின்ற வண்டி ஓடுவதற்கு முன்



சில மாதங்களாக நமக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "அப்பா ஓட்டிய கார் வீட்டுக் கொட்டகையில் பல ஆண்டுகளாக நிற்கிறது. விற்க மனமில்லை. மருத்துவமனையின் கிராமப் பணிக்குக் கொடுத்தால் உதவுமா? அதை மீண்டும் ஓட வைக்க என்ன செய்ய வேண்டும்?" என்று அநேகர் கேட்டிருக்கிறீர்கள். தனித்தனியே பதில் எழுதுவதைவிட, நாங்கள் பட்டறிந்ததை எல்லாருக்கும் பொதுவாக இந்த இதழில் எழுதுவது நல்லதென்று எண்ணினோம்.

நாங்கள் வண்டித் தொழில் கற்றவர்கள் அல்லர். இறையியல் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்தார்கள். கார்புரேட்டரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆகவே இங்கே எழுதுவதெல்லாம் ஒரு பழைய அம்பாசிடர் காரும், அதைப் பழுதுபார்த்த முதிய மெக்கானிக் ஒருவரும் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவை.

கார் வந்த விதம்

1986ஆம் ஆண்டில் ஒரு தலைமையாசிரியர் வாங்கிய வெள்ளை அம்பாசிடர் அது. பெட்ரோல் வண்டி. 2013இல் அவர் நித்திரையடைந்த பின் அதை ஓட்ட ஆளில்லை. மகன் வெளியூரில் வேலை. கார் கொட்டகையிலேயே நின்றது. 2024இல் அவருடைய துணைவியார் எங்களுக்கு எழுதினார்: "அவர் இருந்தபோது எத்தனையோ நோயாளிகளை இந்தக் காரில் ஏற்றிக்கொண்டு உங்களிடம் வந்திருக்கிறார். இது இனி உங்கள் கிராமப் பணிக்கு ஓடட்டும்."

எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியே எங்களை அவசரப்படுத்தியது. காரை இழுத்து வந்தோம். புது பேட்டரி போட்டோம். டேங்கில் இருந்த பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுப் புதியது ஊற்றினோம். எங்கள் ஓட்டுநர் தம்பி இரண்டு நாள் பாடுபட்டு என்ஜினை ஓட வைத்தார். ஹேண்ட் பிரேக் கம்பியைத் தளர்த்தி எண்ணெய் விட்டார். பிரேக் ஆயில் குறைந்திருந்தது. ஊற்றி, பெடலை நாலைந்து தடவை மிதித்ததும் கெட்டியாக நின்றது. "பிரேக் நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டினோம். அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் பிரதிஷ்டை ஜெபம் என்று அறிவித்தும் விட்டோம்.

அன்று காருக்கு மாலை போட்டு ஜெபித்தோம். அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்து, வளாகத்தை ஒரு சுற்று சுற்றிவரச் சொன்னோம். சிற்றாலயத்திலிருந்து புறநோயாளிகள் காத்திருக்கும் கொட்டகை வரை பாதை சற்று இறக்கம். பாதி வழியில் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். முதல் மிதியில் வண்டி வேகம் குறைந்தது. இரண்டாம் மிதியில் பெடல் தரைவரை சென்று அப்படியே கிடந்தது. முன்னால் கொட்டகையில் முப்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுநர் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கட்டட வேலைக்காகக் கொட்டியிருந்த மணற்குவியலின்மேல் வண்டியை ஏற்றி நிறுத்தினார். யாருக்கும் காயமில்லை. அம்மா இறங்கி ஒன்றும் சொல்லாமல் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் கை நடுங்கியது. எங்கள் கையும்தான்.

மறுநாள் கடைத்தெருவில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் பெரியவரிடம் சென்றோம். ஊரில் எல்லாரும் அவரைப் 'பாய்' என்றே அழைப்பார்கள். அம்பாசிடர் வண்டியிலேயே நாற்பது வருஷத்துக்கு மேல் கைவைத்தவர். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "ஐயா, வண்டி ஓடுறது பெரிய காரியம் இல்ல. நிக்கணும். நிக்கத் தெரியாத வண்டிய ஓட வைக்கக் கூடாது" என்றார். இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல வருவதும் அவ்வளவுதான். ஸ்டார்ட் ஆன வண்டி வேறு. சாலைக்குத் தகுதியான வண்டி வேறு.

நிற்கும் வண்டி ஏன் கெடுகிறது?

ஓடாத வண்டி தேயாது, ஆகவே அப்படியே இருக்கும் என்று பலர் எண்ணுகிறோம். உண்மை வேறு. ஓடும் வண்டியில் எண்ணெய் எல்லா உறுப்புகளையும் நனைத்துக்கொண்டே இருக்கும். என்ஜின் சூட்டில் ஈரம் ஆவியாகிப் போய்விடும். நின்ற வண்டியில் எண்ணெய் வழிந்து கீழே இறங்கிவிடுகிறது. வெறுமையான இரும்பின்மேல் மழைக்காலத்து ஈரம் படிகிறது, துரு பிடிக்கிறது. ரப்பர் காய்ந்து வெடிக்கிறது. எலி குடியேறுகிறது. இவையெல்லாம் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

முதலில் செய்ய வேண்டியது: பார்ப்பது

சாவியைத் தொடுவதற்கு முன், பகல் வெளிச்சத்தில் வண்டியைச் சுற்றிப் பாருங்கள். போனட்டைத் திறக்கும்போது எச்சரிக்கை தேவை. எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கலாம். ஒரு கோலால் தட்டிவிட்டுத் திறப்பது நல்லது. ஏர் ஃபில்டருக்குள் எலிக்கூடு இருக்கிறதா, ஒயர்களின் மேலுறை கடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வண்டியில் ஏர் ஃபில்டர் நிறையத் தேங்காய் நாரும் கிழிந்த துணியும் இருந்தன. கடிபட்ட ஒயரில் மின்சாரம் பாய்ந்தால் தீப்பிடிக்கும்.

அடுத்து அடிப்பகுதி. மிதியடி விரிப்புகளைத் தூக்கி, தரைத் தகட்டை ஒரு திருப்புளியின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துருப்பிடித்தது மந்தமாக ஒலிக்கும், அல்லது உள்ளே போய்விடும். கதவுகளுக்குக் கீழுள்ள பகுதி, பின் பட்டாக்கள் உடலோடு சேரும் இடம், ஸ்டீயரிங் பெட்டி பொருத்தப்பட்ட இடம் ஆகிய மூன்றும் முக்கியமானவை. இவை உளுத்துப் போயிருந்தால் என்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வண்டியைச் சாலைக்குக் கொண்டுவருவது தகாது. கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்ற உவமை நமக்குத் தெரியும். அந்தக் கணக்கை இந்த இடத்திலேயே போட்டுவிட வேண்டும்.

வண்டிக்கு அடியில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே படுக்காதீர்கள். சமதளத்தில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இரும்பு ஸ்டாண்டின்மேல் வண்டியை இறக்கிய பின்பே அடியில் போக வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் எச்சரிக்கையின்றி நொறுங்கிப் போகும், அவை உதவா.

பெட்ரோல்

பெட்ரோல் கெடும் பொருள். எளிதில் ஆவியாகும் பகுதி சில மாதங்களிலேயே போய்விடுகிறது. மிஞ்சியது காற்றோடு சேர்ந்து பிசினாக மாறுகிறது. கெட்ட பெட்ரோலில் வார்னிஷ் போன்ற வாடை வீசும். அந்தப் பிசின் கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளை அடைத்துக்கொள்ளும். ஆகவே பழைய பெட்ரோலோடு புதியதைக் கலக்காமல், முழுவதையும் இறக்கிவிட வேண்டும். வாயால் உறிஞ்சி எடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அது நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. எங்கள் மருத்துவர்கள் இதை வற்புறுத்தி எழுதச் சொன்னார்கள். இறக்கிய பெட்ரோலைச் சாக்கடையிலோ கிணற்றருகிலோ ஊற்றக் கூடாது.

டேங்கின் உள்ளே விளக்கடித்துப் பார்த்தால் துரு தெரியும். துரு இருந்தால் டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும். பெட்ரோல் டேங்கில் பற்றவைப்பு வேலையைக் கண்டவர் கையில் கொடுக்கக் கூடாது. காலியான டேங்கில் இருக்கும் ஆவியே வெடிக்கக்கூடியது.

இன்னொரு காரியத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 2023 முதல் நம் நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, இன்று பெரும்பாலான பங்குகளில் அதுவே கிடைக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய கார்களின் ரப்பர் குழாய்களும், பெட்ரோல் பம்பின் உள்ளே இருக்கும் டயஃப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை இளகி, வெடித்து, சூடான என்ஜின்மேல் பெட்ரோல் ஒழுகலாம். எனவே பழைய குழாய்கள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும், எத்தனாலைத் தாங்கும் புதிய குழாய்களையும் டயஃப்ரத்தையும் போட்டுவிடுவதே பாதுகாப்பு. வண்டியை மறுபடி நிறுத்திவைக்க நேர்ந்தால் மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோலை விட்டுவைக்க வேண்டாம்.

பேட்டரி

பல ஆண்டுகள் நின்ற பேட்டரி பிழைப்பது அரிது. மின்சாரம் இறங்கிய நிலையில் கிடக்கும்போது, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிப்போகிறது. புதியதே போட வேண்டும். சில மாதங்களே நின்ற வண்டியானால் சார்ஜ் ஏற்றிப் பார்க்கலாம். நல்ல நிலையில் உள்ள 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஏறி ஓய்ந்த பின் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அருகில் பீடியோ விளக்கோ கூடாது. கழற்றும்போது எர்த் ஒயரை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் செய்ய வேண்டும்.

என்ஜின்

நெடுநாள் நின்ற என்ஜினில் நேரடியாக செல்ஃப் போடுவது தவறு. சிலிண்டர் சுவரில் எண்ணெய் இல்லை. பிஸ்டன் வளையங்கள் ஒட்டியிருக்கலாம். பாய் எங்களுக்குக் காட்டிய முறை இது: நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினார். ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டார். இரண்டு நாள் அப்படியே விட்டுவைத்தார். பின்பு கியரை நியூட்ரலில் வைத்து, ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை முன்புறம் நுழைத்து மெதுவாகச் சுற்றினார். தடையில்லாமல் சுற்றியது. தடை இருந்தால் பலவந்தம் செய்யக் கூடாது. இன்னும் ஊறவிட வேண்டும்.

அதன் பிறகு அடியில் இருக்கும் பழைய ஆயிலை இறக்கி, ஃபில்டரை மாற்றி, புது ஆயில் ஊற்றினார். பிளக்குகளை மாட்டாமலேயே செல்ஃப் போட்டு, ஆயில் பிரஷர் வருகிறதா என்று பார்த்தார். பிரஷர் வந்த பின்தான் பிளக் மாட்டினார். நாங்கள் முன்பு செய்ததோ நேர்மாறு. பழைய ஆயிலிலேயே ஓட்டியிருந்தோம். என்ஜின் கெடாமல் தப்பியது கிருபையே.

ரேடியேட்டரில் உள்ள துருத் தண்ணீரை இறக்கிக் கழுவி, ரப்பர் ஹோஸ்களையும் ஃபேன் பெல்ட்டையும் மாற்ற வேண்டும். கியர் பெட்டி ஆயிலையும் பின் ஆக்சில் ஆயிலையும் பார்க்க வேண்டும். கிளட்ச் தட்டு ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. பெடலை மிதித்தும் கியர் விழாவிட்டால் அதுவே காரணமாயிருக்கலாம்.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது வண்டி திறந்த வெளியில் நிற்கட்டும். மூடிய கொட்டகையில் ஓடும் என்ஜின் வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, ஆளையே மாய்த்துவிடும். பக்கத்தில் ஒரு தீயணைப்பு உருளை இருக்கட்டும்.

பிரேக்

இனிதான் முக்கியமான பகுதி. அன்று நடந்தது ஏன் நடந்தது?

பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியாக ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள வீல் சிலிண்டருக்குப் போகிறது. அங்குள்ள சிறு பிஸ்டன்கள் பிரேக் ஷூவை விரித்து, சுழலும் டிரம்மின்மேல் அழுத்துகின்றன. ஆயில் கசியாதபடி ஒவ்வொரு பிஸ்டனின் முகத்திலும் கிண்ணம் போன்ற ஒரு ரப்பர் வாஷர் இருக்கிறது. வண்டியின் முழுப் பாரத்தையும் நிறுத்துவது விரல் நுனி அளவுள்ள அந்த ரப்பர்தான்.

பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் அல்ல. கிளைக்கால் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்ட திரவம் அது. காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்கிறது. இதனால் இரண்டு கேடுகள். ஒன்று, அதன் கொதிநிலை குறைகிறது. டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது அளவு; ஈரம் ஏறியதற்கு அந்த அளவு 140 டிகிரிதான். மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது சூட்டினால் அது கொதித்து ஆவியானால், பெடல் மிதிபடும், வண்டி நிற்காது. மற்றொன்று, அந்த ஈரம் சிலிண்டரின் உட்சுவரில் துருவை உண்டாக்கி, சிறு குழிகளைத் தோண்டுகிறது.

பதினொரு ஆண்டுகள் எங்கள் காரின் ரப்பர் வாஷர்கள் ஒரே இடத்தில் காய்ந்து நின்றிருந்தன. அவற்றைச் சுற்றித் துரு. நிற்கும் வண்டியில் மெதுவாக மிதித்துப் பார்த்தபோது அவை தாங்கின. பெடல் கெட்டியாக நின்றது. இறக்கத்தில் ஓட்டுநர் பலமாக மிதித்தபோது பிஸ்டன் துருவின்மேல் நகர்ந்தது. முன் சக்கரத்தின் வாஷர் கிழிந்தது. எங்கள் வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே சுற்றுதான். ஓர் இடத்தில் கசிந்ததும் நான்கிலும் அழுத்தம் போய்விட்டது. ஹேண்ட் பிரேக் தனிக் கம்பியால் பின்சக்கரங்களை இழுப்பதால் அது மட்டும் வேலை செய்தது. பிளந்த அந்த வாஷரைப் பாய் எங்கள் கையில் வைத்தார். ஒரு சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரியது. அதை இன்னும் மேசைமேல் வைத்திருக்கிறோம்.

ஆகையால் சில ஆண்டுகள் நின்ற வண்டியின் பிரேக்கை 'பார்த்துச் சரிசெய்வது' என்பது இல்லை. முழுவதையும் பிரிக்க வேண்டும். செய்ய வேண்டியவை இவை:

நான்கு டிரம்களையும் கழற்ற வேண்டும். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூசி நுரையீரலைக் கெடுத்து, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயையும் உண்டாக்கக்கூடியது. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உட்சுவரில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் குழி இருந்தால் அதைத் தேய்த்து ஓட்டாமல் புதியதே போட வேண்டும். ரப்பர் வாஷர்களும் ரப்பர் ஹோஸ்களும் எப்படி இருந்தாலும் புதியவையே. துருப்பிடித்த இரும்புக் குழாய்களையும் மாற்ற வேண்டும்.

பிரேக் அமைப்பைப் பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவக் கூடாது. 'ஆயில்' என்ற பெயரை நம்பி, அவசரத்திற்கு என்ஜின் ஆயிலை ஊற்றுகிறவர்களும் உண்டு. அது ரப்பரை ஊதிப் பெருக்கவைத்து, பிரேக்கை முழுவதும் கெடுத்துவிடும். அப்படிச் செய்துவிட்டால் எல்லா ரப்பரையும் மறுபடி மாற்ற வேண்டியதுதான்.

புதிதாகத் திறந்த டப்பாவிலுள்ள பிரேக் ஆயிலையே ஊற்ற வேண்டும். குழாய்களிலுள்ள காற்றை எடுக்கும்போது, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். நம் நாட்டு வண்டிகளில் பொதுவாக அது இடது பின்சக்கரம்.

முடித்த பின், பெடலைப் பலமாக மிதித்து ஒரு நிமிடம் முழுவதும் அப்படியே பிடித்திருங்கள். சிறிதளவும் இறங்கக் கூடாது. பின்பு நான்கு சக்கரங்களின் உட்புறத்திலும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு ஆளில்லாத சமதளத்தில், நடக்கும் வேகத்தில் ஓட்டிப் பிடித்துப் பாருங்கள். வண்டி ஒரு பக்கமாக இழுக்கக் கூடாது. இறக்கத்தில் சோதனை செய்வது எங்களைப் போன்ற அறிவீனர் செய்யும் வேலை.

டயர்

"டயர் புதுசு மாதிரியே இருக்கிறது ஐயா" என்று அம்மாவின் மகன் சொன்னார். பட்டன் ஆழமாகத்தான் இருந்தது. ஆனால் டயரின் பக்கவாட்டில் கடைசியாக உள்ள நான்கு இலக்கங்களைப் பாய் காட்டினார்: 1110. அதாவது 2010ஆம் ஆண்டின் 11ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ரப்பருக்கு ஓட்டத்தால் வரும் தேய்மானம் ஒன்று, வயதால் வரும் முதுமை மற்றொன்று. வயதான டயர் வெடிப்பு விட்டு, வெயிலில் வேகமாகப் போகும்போது பிரிந்துபோகும். பத்து ஆண்டுகளைக் கடந்த டயரை, பட்டன் எவ்வளவு இருந்தாலும், ஓட்டக் கூடாது. ஸ்டெப்னிக்கும் இதே விதிதான். எங்கள் செலவுக் கணக்கில் டயரும் பிரேக்கும் சேர்ந்தே பாதிக்கு மேல் ஆயின. வாசகர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாள்கள்

வண்டி சரியானாலும் தாள் சரியாகாமல் சாலைக்கு வரக் கூடாது. சொந்தக் காரின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்பு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு 25ஆம் எண் படிவம். எங்கள் காரின் பதிவு 2016இல் முடிந்துபோயிருந்தது. 15 ஆண்டைக் கடந்த கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டைக் கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கப்பட்டது. காலம் தவறிய மாதங்களுக்குக் கூடுதல் கட்டணமும், பசுமை வரியும் தனி.

உரிமையாளர் இறந்துபோயிருந்தால் இன்னொரு படியும் உண்டு. 31ஆம் எண் படிவத்தில் விண்ணப்பித்து, முதலில் வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகே 29, 30ஆம் எண் படிவங்கள் மூலம் வேறொருவருக்கோ ஒரு நிறுவனத்திற்கோ கொடுக்க முடியும். இறப்பை 30 நாளுக்குள் அலுவலகத்திற்குத் தெரிவித்து, மூன்று மாதத்திற்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. துக்கத்தில் இருக்கும் வீட்டில் இது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. பல ஆண்டுகள் கழித்து வாரிசுகளெல்லாரிடமும் கையெழுத்து வாங்க அலைய வேண்டியிருக்கிறது. உங்கள் உறவினர், அயலார் வீடுகளில் இதை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்றாம் நபர் காப்பீடும், புகைச் சான்றும் வேண்டும். பதிவு முடிந்த வண்டியை ஆய்வுக்காகக்கூடச் சாலையில் ஓட்டிச் செல்லக் கூடாது என்பதால், வேறு வண்டியில் ஏற்றியே ஆய்வாளரிடம் கொண்டுபோனோம்.

வேண்டாம் என்று சொல்வதும் ஒரு பதில்

இதற்குப் பின் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரர் தம் தகப்பனார் ஓட்டிய காரைக் கொடுக்க முன்வந்தார். பாயையும் அழைத்துக்கொண்டு போனோம். உப்புக் காற்றில் தரைத் தகடு அப்பளம்போல் நொறுங்கியது. பின் பட்டா பொருந்தும் இடத்தில் விரல் உள்ளே போயிற்று. என்ஜினோ ஒரே முறையில் ஸ்டார்ட் ஆகியிருக்கும் போலிருந்தது. "வேண்டாம்" என்று சொல்வது எங்களுக்கு எளிதாயிருக்கவில்லை. அந்த வண்டியோடு எவ்வளவு நினைவுகள் ஒட்டியிருக்கின்றன என்பதை அவர் முகத்தில் கண்டோம். ஆனால் மணற்குவியலும் எங்கள் நினைவில் இருந்தது. சொன்னோம். அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "உண்மையைச் சொன்னதற்கு நன்றி ஐயா" என்றார். 2021இல் வந்த விதிகளின்படி பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் அதை ஒப்படைத்து, சான்றிதழ் பெற்றுக்கொண்டார். தகப்பனாரின் நினைவாக ஸ்டீயரிங் சக்கரத்தை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார்.

ஆகவே வண்டி கொடுக்க எண்ணுகிறவர்கள் எங்களுக்கு எழுதும்போது நான்கு காரியங்களைக் குறிப்பிடுங்கள்: எந்த ஆண்டு முதல் நிற்கிறது, தரைத் தகடு எப்படி இருக்கிறது, டயரின் நான்கு இலக்கம் என்ன, ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறது. தயவுசெய்து ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். "ஸ்டார்ட் ஆகிறது" என்ற செய்தி எங்களுக்கு அதிகம் உதவாது.

இப்போது

வேலை முழுவதும் முடிய நான்கு மாதங்கள் ஆயின. முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி முறுக்கி, ஆயில், தண்ணீர், பிரேக் ஆயில் அளவுகளைப் பார்த்தோம். 500 கிலோமீட்டரில் என்ஜின் ஆயிலை மீண்டும் மாற்றினோம்; உள்ளே கிடந்த பழைய அழுக்கு அதோடு வெளியே வந்தது. அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டபடியால், உதிரி பாகங்கள் சிலவற்றைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. எனவே கிடைக்கும்போது ஒரு பிரேக் கிட்டைக் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறோம்.

புதன்கிழமைதோறும் அந்தக் கார் செவிலியர் இருவரையும் மருந்துப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குப் போகிறது. வேலையில்லாத வாரத்திலும் அதை அரைமணி நேரம் ஓட்டிவிடுகிறோம். மறுபடி நின்றுபோக விட மனமில்லை. ஒவ்வொரு நாளும் புறப்படும் முன் ஓட்டுநர் தம்பி பெடலை மிதித்துப் பிடித்து, அறுபது எண்ணுகிறார். யாரும் சொல்லாமலே அவர் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் அது.

வேலை முடிந்த நாளில் அம்மாவை மீண்டும் அழைத்தோம். வருவார்களோ என்று ஐயமாகவே இருந்தது. வந்தார்கள். இம்முறை மாலை இல்லை, அறிவிப்பும் இல்லை. முன் சீட்டில் ஏறி அமர்ந்து, "பிரேக் பார்த்தாச்சா?" என்று கேட்டார்கள். "பார்த்தாச்சு அம்மா" என்றார் ஓட்டுநர். "அப்ப போகலாம்" என்றார்கள்.



உங்கள் அன்பான,
மருத்துவமனை ஆயர்